வெள்ளை பூத்த சோப்பு

நிலவு, தென்முனைக் குடியிருப்பு, வீடு 9. எழுதுவது செல்வக்கனி, சோப்பு வியாபாரி. எனக்குப் பிறகு இந்தப் பதிவு யார் கையில் கிடைத்தாலும் சரி, தொழில் கற்றுக்கொள்ளட்டும்.

நாள் 1 — 07:40

நாற்பத்தொன்றாவது பேட்ச். தேங்காயெண்ணெய் இருபது கிலோ, காஸ்டிக் சோடா மூன்றரை, தண்ணீர் ஏழு லிட்டர். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றினேன். இனி அது தன் சூட்டிலேயே இறுக வேண்டும். குளிர்காற்று பட்டால் பாளம் வெடித்துவிடும். வழக்கம்போலக் காற்றுக் குழாயின் வாயில் கம்பளியைத் திணித்தேன். எப்போதும் எட்டு மணி நேரத்தில் கம்பளியை எடுத்துவிடுவேன். இந்தத் தடவை மொத்தமும் ஒரே பெரிய பாளம், முழுக்க இறுகும்வரை எடுப்பதில்லை.

காஸ்டிக் கொடுத்தது தாசையா. என் வீட்டுக்காரரின் தம்பி, காற்று நிலையம் அவன் கையில். அண்ணன் செத்த நாளிலிருந்து இந்தச் சோப்பு வீட்டின் மேல் அவனுக்குக் கண். ஒரு பேட்ச் சொதப்பினால் போதும், உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தண்டு போட்டிருக்கிறேன்.

நாள் 2 — 09:15

பாளத்தின் மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளை பூத்திருக்கிறது. பழைய காஸ்டிக் இப்படித்தான் பூக்கும். கரியமிலவாயு மானி நூற்றுக்கு 1.6 காட்டிக் கத்துகிறது. அதுவும் தாசையா மாட்டிய சாமான்தான். வயரைப் பிடுங்கினேன்.

ரேடியோவில் வந்தான்.

“மைனி, ஒங்க வீட்டுக்கு அனுப்புற காத்து திரும்பி வரவே இல்ல. குழாய அடச்சிருக்கியளா?”

“அடச்சா என்ன, கொழுந்தனாரே? நீரு குடுத்த காஸ்டிக்கு எந்தக் காலத்துச் சரக்கு?”

“புதுசு மைனி. அன்னைக்குத்தான் டின்னு ஒடச்சேன். தல வலிக்கா?”

“ஒம்ம கொரலக் கேட்டா எப்பவும் வலிக்கத்தான் செய்யும்.”

நாள் 3 — 14:02

வெள்ளை இப்போது நகத்தின் கனம். சரக்கில் காரம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மிச்சமிருந்த ஒன்பது கிலோ காஸ்டிக்கையும் எண்ணெயில் கொட்டி நாற்பத்திரண்டாவது பேட்சை ஊற்றினேன். தலை இடிக்கிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. காஸ்டிக் புகையாக இருக்கும். மூக்கில் ஈரத்துணி கட்டியிருக்கிறேன்.

“மைனி, நீங்க விட்ட மூச்ச நீங்களே திருப்பி இழுக்கிய. சத்தியமாச் சொல்லுதேன், அடப்ப எடுங்க. நான் அங்க வாறேன்.”

“வந்தேன்னா காஸ்டிக் தண்ணிய மூஞ்சில ஊத்துவேன். அண்ணன் பொணம் கெடக்கும்போதே சாவி கேட்டவன்லா நீ?”

“கேட்டது தப்புதான். இன்னைக்கு அதுக்கு வரல மைனி.”

ரேடியோவை அணைத்தேன்.

நாள் 4 — 10:30

பயலைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு சோதனை. டின் ஓரத்தில் சுரண்டியதைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்றுக்கு மூடி. இன்னொன்று திறந்தபடி. சரக்குப் பழசென்றால் இரண்டும் கலங்க வேண்டும்.

11:20

மூடியது தெளிவு. திறந்தது பால்.

மறுபடி பார்த்தேன். அப்படியேதான்.

சரக்கு சுத்தம். கெட்டது காற்று. நான் விட்ட மூச்சுதான் காஸ்டிக்கில் பட்டு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தாசையா சொன்னது அத்தனையும் உண்மை. தப்பு என்னுடையது.

11:45

கம்பளியைப் பிடுங்கினேன். காற்று வரவில்லை. சோப்புச் சூட்டின் ஆவி குழாய்க்குள் போய், அதன் உள்மூடியோடு சேர்ந்து உறைந்துவிட்டது. சுத்தியலால் தட்டினேன். நகரவில்லை.

காஸ்டிக்கை நனைத்துத் தட்டில் பரப்பினால் கெட்ட காற்றை அது குடித்துவிடும். காற்று நிலையமே அப்படித்தான் ஓடுகிறது. ஒன்பது கிலோ வைத்திருந்தேன். இப்போது அத்தனையும் சோப்பு.

கதவுக்குப் போக எழுந்தேன். விழுந்தேன்.

12:10

கதவில் வெட்டும் சத்தம். ரேடியோவைப் போட்டேன்.

“மைனி! தண்ட மட்டும் தூக்குங்க! இத வெட்டி முடிக்க முக்கா மணி ஆவும், அதுவரைக்கும் நீங்க தாங்க மாட்டிய. தவந்தாவது வாங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன், என்னய ஏசுங்க, ஏசிக்கிட்டே வாங்க!”

கதவு எட்டடி. தவழ்ந்தால் போய்விடலாம். ஒரு தடவை போகத்தான் தெம்பிருக்கிறது, திரும்பி இந்தப் பதிவுத் திரைக்கு வர முடியாது.

போனால் கதவு திறக்கும். அவன் உள்ளே வருவான். 11:20 பதிவைப் படிப்பான். செல்வக்கனிக்குச் சோப்பில் பூத்த வெள்ளை என்னவென்று தெரியவில்லை என்று குடியிருப்பு முழுக்கச் சொல்வான். இருபது வருஷம் என் கையால் கட்டிய பேர்.

முதலில் அந்தப் பதிவை அழித்துவிட்டு

12:2

அழிக்கவா என்று கேட்கிறது. ஆம்

அவன் இன்னும் மைனி மைனி என்கிறான் சத்தம் போடாதே நான் வேலையாக இருக்

ஆம் எங்கே இருக்கிறது ஆம்