தாடையில் நின்ற புள்ளி

1971 பிப்ரவரி 9, செவ்வாய்.

எதிர்வீட்டு மேரி டீச்சரின் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே நெகட்டிவைப் பெரிதாக்கித் தரும்படி டீச்சர் கேட்டிருந்தார்.

காலையில் போட்ட பிரிண்ட்டில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். என் டெரிலின் சட்டைக் கை உரசியதில் மின்னேறி, நெகட்டிவ் தூசியை இழுத்திருக்கிறது. சட்டையைக் கழற்றிவிட்டு, இருட்டறைத் தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியதும் மறுபடி போட்டேன். தாடையில் ஒரு புள்ளி மட்டும் போகவில்லை. மை தொட்டு மறைத்தேன்.

மாலையில் டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தாடையிலே ஒரு தழும்பு இருக்குமே சார், எங்கே?"

"தூசின்னு நெனச்சு நான்தான் மறைச்சிட்டேன் டீச்சர்."

"பரவாயில்லை சார். ஷேவ் பண்றப்போ எப்பவும் அங்கேதான் வெட்டிக்குவார்" என்றார். சொல்லிவிட்டு, படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நாளைக்கு இன்னொன்று போட வேண்டும்.