வீட்டு நம்பர்

அன்புள்ள ஸில்மியா,

கடன் கிடைத்துவிட்டது. காளான் கொட்டகைக்கு நேற்றுத் தகரம் ஏற்றினார்கள். காளான் வளர்க்கிற ரப்பர் மரத்தூளும் எஹலியகொடவிலிருந்து வந்து இறங்கிவிட்டது. உனக்கு உடனே எழுதும்படி அம்மா சொன்னார்.

அன்றைக்குக் கடன் கேட்டு வந்த வங்கியில் நீ வேலை செய்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். மேனேஜர் வீட்டு நம்பரும் என் பேரில் ஒரு கரண்ட் பில்லும் கேட்டார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏது நம்பர்? பில்லும் தோட்டத்தின் பேரில்தான் வருகிறது. பட்டம் வாங்கியவள் நான், பைலை மூடிவிட்டேன். அப்போது பக்கத்து மேசையிலிருந்து நீ எழும்பினாய்.

"சேர், நம்பர்தான் இல்ல. வீடு ஈக்குது. நான் போய் சோறு தின்டீக்கன்."

"ருசியா இருந்திச்சா?"

"ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கினேன் சேர்."

"அப்ப நானும் போய்ப் பாக்கத்தான் வேணும்" என்று சிரித்தவர், மறுநாளே வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேம்பஸ் காலத்தில் நீ ஒரே ஒரு தரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாய். அந்த ஒற்றை அறையைப் பார்த்துவிட்டாயே என்றுதான் அதற்குப் பிறகு உன்னைக் கண்டால் ஒதுங்கினேன்.

உன் கல்யாணத்தன்று காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. அது உனக்கு அன்றே தெரிந்திருக்கும். அன்றைக்கு வங்கியில் கடன் படிவத்தை நிரப்பும்போது அதைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. நான் பாதியில் பேனாவை நிறுத்தியதைப் பார்த்து, "பேனா எழுதல்லயாடி?" என்று மட்டும் கேட்டாய்.

இன்னும்,
உன் சிநேகிதி