நத்தார்ப் பெயின்டும் நடு அறைக் கூரை மரமும்

நவ. 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து அடைமழை. பின்னேரம் நடு அறைக் கூரை மரம் முறிந்து ஓட்டோடு கட்டிலில் விழுந்தது. நல்ல காலம், அறையில் யாரும் இல்லை. ஆனால் அது மகள் டிலானியின் அறை. பிள்ளைப்பேற்றுக்குக் கண்டியிலிருந்து அடுத்த மாதம் வருகிறாள். இந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் வேறு காலி அறை ஏது?

காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். "காத்து மழையால விழுந்ததெண்டா காசு குடுப்பம் அங்கிள்" என்றார்கள். அப்பாடா. மனைவி மேரி, மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

வாங்க: தறப்பாள், கயிறு, பாண், பிரஷர் குளிசை.

நவ. 14, வியாழன்

வெயில். புழுக்கம். காப்புறுதி ஆள் வந்தார். விழுந்த மரத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே ரோஸ், இடையிடையே ஓட்டை அடைத்த பட்டி. யேசு பிறக்கிற நத்தாருக்குப் பெயின்ட் அடிக்காமல் இருக்க முடியுமா? உக்கிய இடத்தில் பட்டி வைத்து மேலே அடிப்போம். இந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான்.

மேரி தேத்தண்ணியோடு வந்து பெருமையாக ஒப்புவித்தாள். "ரோஸ் எங்கட டிலானி சின்னப்பிள்ளையா கோயில்ல புதுநன்மை எடுத்த வருஷம். அப்பவே மரம் கொஞ்சம் உக்கல்தான். இவர்தான் பட்டி வச்சு வடிவாச் சமாளிச்சவர்."

கண்ணைக் காட்டினேன். செருமினேன். "ஏனப்பா, தொண்டை கட்டிட்டுதோ?" என்கிறாள். கடவுளே!

நவ. 19, செவ்வாய்

வானம் மப்பு. கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கந்தோர். ஏசிக் குளிர், நெடுநேரக் காத்திருப்பு. கவுண்டரில் இருந்த பிள்ளை: "காத்து மழைக்குக் கவர் இருக்கு அங்கிள். கொஞ்சங் கொஞ்சமா உக்கினதுக்கு இல்ல."

"ஒரே நாளிலதானே பிள்ளை விழுந்தது!"

"விழுந்தது ஒரு நாள்தான். உக்கினது ஆன்ட்டி சொன்ன வருஷத்தில இருந்து."

பஸ்சில் மேரியை மனதுக்குள் திட்டினேன். வீட்டுக்கு வந்து வாயாலும் திட்டினேன். அவள் மீன் வெட்டினாள்.

நவ. 20, புதன்

தூறல். டிலானியின் போன்: "முன் ஹோல்ல படுக்கிறன் அப்பா. எனக்கு அம்மா பக்கத்தில இருக்கோணும்." மேரிக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். ஹோலுக்கு மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்துவிட்டாள்.

ஏணி வைத்து ஏறினேன். ஹோல் கூரை மரத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். பிடிவரை போய்விட்டது.

கீழே மேரி: "பட்டியும் வாங்கினனான். எடுத்துத் தரவோ?"

இறங்கினேன். டிலானிக்குப் போன் எடுத்து, கண்டியில் மாமி வீட்டிலேயே நில் பிள்ளை, இங்கே வராதே என்றேன்.

போனில் டிலானி: "ஏனப்பா, கோவமோ?"

மேரி பெயின்ட் டின்னைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.