கடல்காக வீட்டு ஜேம்ஸ்

மேடம்,

இன்றைக்கு ரோலா கடைத்தெருவில் ஒரு கடையில் அந்தப் பென்சிலைப் பார்த்தேன். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். தோசைக்கரண்டி வாங்கப் போனவள், பென்சிலை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "மோந்து பாத்து வாங்க அது என்ன மாம்பழமா?" என்று கடைக்காரர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும். பென்சில் மர வாசனை வந்தால் எனக்கு உங்கள் வீட்டுக் காலை வந்துவிடும்.

நான் சீவித் தருவேன், நீங்கள் தாளில் பேர்களை எழுதுவீர்கள். "இருக்கலாம்" என்றால் நீலம். "இவர் எங்கள் ஆள்தான்" என்றால் சிவப்பு. நான் வேலைக்கு வந்து மூன்று மாதம் நீலத்தைத்தான் சீவினேன். சிவப்பு முனையில் கத்தி படவே இல்லை.

இடுப்பெலும்பு உடைந்த உங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்கள் மகன் என்னை வைத்தார். முதல் நாளே ஓட்ஸ் கஞ்சியில் சீனி போட்டேன். முகத்தைச் சுளித்து, "உப்பு" என்றீர்கள். கஞ்சிக்கு உப்புக் கேட்கிற வெள்ளைக்காரியை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போனது. கஞ்சி முடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். ஸ்காட்லாந்துக் கோயில்களின் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்தது. எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி எழுத்து. ஏதோ சொத்து வழக்கு என்றுதான் நான் நினைத்தேன். வயசான காலத்தில் யாரிடம் இந்தச் சண்டை என்று மனசுக்குள் ஏசியும் இருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள். "சலேத், டாக்டர் எனக்கு அடுத்த கோடைக்காலம் இல்லைன்னு சொல்லிட்டார். என் ஆட்கள் பக்கத்துல படுக்கணும். அவங்க எந்த ஊர்னு தெரியலை."

உங்கள் தாத்தா பிழைப்புக்கு ஸ்காட்லாந்தில் சொந்த ஊரை விட்டுப் போனவர். எந்த ஊரை விட்டு என்று அவர் சொல்லவில்லை. அவருடைய தாத்தா ஜேம்ஸ் ஸ்மித் என்பது மட்டும் கையில் இருந்தது. ஸ்மித் என்ற பேர் அங்கே கல்லை எறிந்தால் நாலு பேர் மேல் படும் என்றீர்கள். தேடித் தேடி இரண்டு ஊரில் வந்து நின்றீர்கள். ஒன்று மலையடிவாரம், ஒன்று கடற்கரை. இரண்டிலும் ஒரு ஜேம்ஸ் ஸ்மித். உங்கள் ஜேம்ஸின் வயது பழைய ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தது. அதற்கு மலை ஊர்க்காரன் சரியாக வந்தான். கடல் ஊர்க்காரன் ஆறு வயது மூத்துப்போனான்.

"மம், எங்க படுத்தாலும் ஸ்காட்லாந்துதானே?" என்று உங்கள் மகன் ஒரு சாப்பாட்டு வேளையில் சொன்னார். தட்டைத் தள்ளிவிட்டீர்கள். "அடுத்த வீட்டுக்காரன் குடும்பத்துக்கு நடுவுல போய் நான் படுக்கணுமா?" அவர் பாவம், தட்டை எடுத்துக் கழுவப் போனார். எனக்கு நீங்கள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

அன்று சாயங்காலம் உங்களைத் தேற்றத்தான் எங்கள் ஊர்க் கதையை எடுத்தேன். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், எல்லாரும் வேதக்காரர்கள். "எங்க மாதா கோயில்ல நின்னு பர்னாந்துன்னு கூப்பிட்டா ஊரே திரும்பும் மேடம்."

"அப்புறம் எப்படி ஆளைக் கண்டுபிடிப்பீங்க?"

"வீட்டுக்கு வீடு பட்டப்பேர் உண்டு. சுறாமுள் வீடு, மூணுவிரல் வீடு."

"உன் வீடு?"

"அத மட்டும் கேக்காதீங்க."

விடுவீர்களா? கடைசியில் "கருவாட்டுப்பூனை" என்றேன். என்ன அர்த்தம் என்று கையைக் காட்டி விளக்கினேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம், "கருவாட்டுப்பூனை, டீ எங்கே?" என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அன்று சிரிப்பு அடங்கினதும் திடீரென்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினீர்கள். கடல் ஊர் ஜேம்ஸின் அப்பா பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. கோயில் குமாஸ்தாவின் கிறுக்கல் என்று இத்தனை நாள் நீங்கள் தள்ளிவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். அங்கே ஒரு கடல்பறவையின் பேராம் அது. எங்கள் ஊரில் கடல்காகம் என்போம்.

"என் அப்பாவை, அம்மா கோபம் வந்தா இப்படித்தான் கூப்பிடுவா. வசவுன்னு நினைச்சிருந்தேன்."

"அது வசவு இல்ல மேடம். வீடு."

ஆனாலும் சிவப்பை எடுக்க மாட்டேன் என்றுவிட்டீர்கள். வயது இடித்தது. மறுநாள் காலை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எனக்குக் காட்டினீர்கள். முதலில் ஜேம்ஸ். பிறகு இரண்டு பெண்கள். முதல் ஜேம்ஸ் பிறந்து ஆறு வருஷம் கழித்து மறுபடி ஒரு ஜேம்ஸ். அதே அப்பா, அதே அம்மா, அதே கடல்காகம். "இது குமாஸ்தா தப்பு. ஒரே வீட்டுல ரெண்டு ஜேம்ஸ் எப்படி இருக்க முடியும்?" என்று அந்த இரண்டாம் பேரைத் தாண்டப் போனீர்கள்.

என் கையில் பால் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். "மூத்தது செத்துப்போச்சு மேடம்."

"செத்ததுக்கு எங்கேயும் எழுத்து இல்லையே?"

"எங்க அக்காவுக்கும் இல்ல."

இந்த அரபு ஊருக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பெண்பிள்ளை. சலேத் மாதாவுக்கு நேர்ந்து சலேத் என்று பேர் வைத்தார்கள். நாற்பது நாள்கூட இருக்கவில்லை. அடுத்துப் பிறந்த எனக்கும் அதே பேர். நேர்ந்த பேரை விட்டுவிடக் கூடாது என்றாள் அம்மா. சின்ன வயதில் எனக்கு அந்தப் பேரே ஆகாது. கூட விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால், "செத்தவ பேர வச்சிக்கிட்டு வந்துட்டா" என்று சொல்லும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம், வருகைப் பதிவில் அந்தப் பேரைக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான்.

நீங்கள் பூதக்கண்ணாடியை மறுபடி எடுத்தீர்கள். பிறகு இரண்டாவது ஜேம்ஸின் வருஷத்தை எடுத்து விரல் விட்டுப் பார்த்தீர்கள். வயது அச்சாகப் பொருந்தியது. மலை ஊரை அடித்துவிட்டீர்கள். பென்சிலைத் திருப்பி என்னிடம் நீட்டினீர்கள். "சிவப்பைச் சீவு."

அவசரத்தில் முதல் தடவை முனையை ஒடித்துவிட்டேன். இரண்டாவது தடவை நன்றாக வந்தது. நீங்கள் முதலில் மூத்த ஜேம்ஸைத்தான் வட்டம் போட்டீர்கள், செத்துப்போனவனை. அதற்குப் பிறகுதான் உங்கள் தாத்தாவின் தாத்தாவை. ஏன் என்று கேட்டேன். "அவனும் எங்கள் ஆள்தானே" என்றீர்கள். என் கையைப் பிடித்து இன்னொன்றும் சொன்னீர்கள். "சலேத், நீ உன் அக்காவுக்கும் சேர்த்துத்தான் வயசாகுறே."

கோடை வருமுன்னே போய்விட்டீர்கள். டாக்டர் சொன்னபடிதான் ஆனது. உங்கள் மகன் விமானத்தில் உங்களைக் கொண்டுபோனார். அங்கிருந்து போனுக்கு ஒரு படம் அனுப்பினார். புல், கருங்கல் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கடல். பக்கத்துக் கற்களில் எல்லாம் ஸ்மித். கலாஸ், வேலை முடிந்தது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். ரூமுக்கு வந்து அழுதேன். சரியான இடத்தில்தான் படுத்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கஞ்சிக்கு உப்புக் கேட்க ஆள் இல்லையே.

போன வாரம் எங்கள் ஊர்க் கோயில் சாமியாரிடம் கேட்டு, ஞானஸ்நானப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்திருக்கிறது. அக்கா பேர் ஒரு பக்கத்தில். என் பேர் அடுத்த வருஷத்துப் பக்கத்தில். அதே சலேத், அதே அப்பா, அதே அம்மா. செத்ததுக்கு எழுத்து இல்லை. முன்பு என்றால் ஒரு பேரை இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று தாண்டியிருப்பார்கள். இனி யாரும் தாண்ட முடியாது. ஒரு தாளில் இரண்டு பேரையும் எழுதி வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டுப் பட்டப்பேரோடு.

கரண்டி வாங்கவில்லை மேடம். பென்சிலை வாங்கி வந்தேன். இப்போது சிவப்பு முனையைச் சீவிவிட்டேன், ஒடியவில்லை. முதல் வட்டம் அக்காவுக்கு.