ஏழு பேர் போன கப்பல்

கொரட்டூர்
10-12-1973

அன்பு மகன் உத்தமனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, கடல்மேல் இருக்கும் உன்னைப் பொன்னியம்மன் கைவிடாமல் இருக்கட்டும். உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. புயலில் உங்கள் கப்பல் தப்பியதையும் உன்னோடு வேலைக்குச் சேர்ந்த முனியனை அலை அடித்துக்கொண்டு போனதையும் நான் படிக்கப் படிக்க அம்மா நின்றபடியே கேட்டாள், நீ பிழைத்ததற்குச் சாமி கும்பிடக்கூட அவளுக்குக் கை எழவில்லை. உன்னிடமிருந்து தகவலே இல்லாத நாட்களில் அவள் பட்ட பாட்டை நீ அறியமாட்டாய். அவள் ஆயா வேலை பார்க்கும் பாலர் பள்ளிச் சுவரில் பூந்தமல்லி அன்வர் பாஷா ஒரு கதைப்படம் வரைந்துகொண்டிருந்தார். ஏழு கடல் தாண்டி மாணிக்கம் எடுக்கப் போன ஏழு தோழர்களின் கதை. பனைமர உயரத்துக்கு அலை, முறிந்த பாய்மரத்தைக் கட்டிப் பிடித்தபடி ஒருவன், தண்ணீரில் ஆறு தலைகள். கதையில் அந்த ஒருவன்தான் கரை சேருவான். அம்மா துடைப்பத்தோடு அங்கேயே நின்றுவிட்டு, கத இன்னாவோ இருக்கட்டும் பாய், மத்த ஆறு பேருக்கும் ஊட்ல அம்மா கீறா இல்ல? என்று கேட்டிருக்கிறாள். அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து ஆறு தலைக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு கட்டையை மிதக்கவிட்டார். கதையை மாற்றலாமா என்று டீச்சரம்மா கோபித்ததற்கு, படம்தானே டீச்சர், பொழச்சிட்டுப் போவட்டும் என்றாராம். அன்றுதான் அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

நேற்று இருவரும் பருத்திப்பட்டுக்கு, முனியன் வீட்டுக்குப் போனோம். சாவுச் செய்தியோடு கப்பல் கம்பெனித் தந்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் பிழைத்த பிள்ளையைப் பெற்றவர்கள் எந்த முகத்தோடு நிற்பது என்று நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன், அம்மாதான் முன்னால் நடந்தாள். முனியனின் தாய் வேம்புலியம்மாள் அழவில்லை. பாய் போட்டாள், அவளும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போதுதான் வாய் திறந்தாள். உத்தமன் கூடவேதானே இருந்தான், அன்னிக்கு எம்புள்ள சாப்ட்டானான்னு எழுதிக் கேளுங்கண்ணே என்றாள். எழுதுகிறேன் என்றேன்.

காற்று பலமாக இருந்தால் மேல்தளத்துக்குத் தனியாகப் போகாதே. ஈரத்துணியோடு படுக்காதே. அம்மா உன் தலையில் கைவைத்து வாழ்த்துவதாக எழுதச் சொல்கிறாள், என் ஆசியும் உனக்கு உண்டு. அந்த அம்மாள் கேட்டதற்கு மறக்காமல் பதில் போடு. தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கல்வராயன்