வெங்காயம் இல்லாத பட்டாளம்

14-9-1959

காலைத் தபாலில் இதழ் வந்துவிட்டது. "ஐராவதிக் கரையில் மாலினி", ஒன்பதாவது வாரம். மாலினியின் நர்ஸ் தொப்பியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார்கள், பரவாயில்லை. அப்படியே வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்க வேண்டாம்.

நகரியிலிருந்து பென்ஷன் சுபேதார் துலுக்காணம் என்று ஒரு மனுஷன். "மேஜர் விஜயன் எழுதும் தொடரை விடாமல் படிக்கிறேன். லெப்டினன்ட் ரகு வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கிறார். பட்டாளத்தில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது. பர்மா யுத்தம் ஒன்பது வாரமாக நடக்கிறது, சமையல்காரன் இன்னும் ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை. மேஜர் வேலை பார்த்தது ரெஜிமெண்டிலா, கோயில் மடைப்பள்ளியிலா?"

கீழே விலாசம்: நகரி, சென்னை ராஜ்யம். நகரி இருப்பது ஆந்திராவில். எல்லைத் தகராறு இன்னும் தீரவில்லை, இவர் பாட்டுக்குத் தன் ஊரைத் தூக்கிச் சென்னையில் வைத்துவிட்டார். இவர் என் ரகுவின் தொப்பியைத் தேடுகிறார்!

ஆத்துக்காரரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மடைப்பள்ளின்னு கண்டுபிடிச்சுட்டானேடி!" மேஜர் விஜயன் நான்தான் என்பது இந்தத் திருப்பதியில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெங்காயம் நுழையாத அகத்தில் பிறந்து வெங்காயம் நுழையாத அகத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்கு அது எப்படித் தோன்றும்? அதற்காக ஊர் சிரிக்க நிறுத்தி வைப்பதா? இருக்கட்டும்.

28-9-1959

மறுபடியும் துலுக்காணம். காவல் நேரத்தில் ரகு துப்பாக்கியை மரக்கிளையில் மாட்டிவிட்டு மாலினியிடம் காதல் பேசுகிறானாம். "இதற்குக் கல்யாணம் நடக்காது, கோர்ட் மார்ஷல்தான் நடக்கும்." அந்தக் கட்டத்தை எழுதும்போது எனக்கே கண் நிறைந்தது. பாவி.

12-10-1959

ஆசிரியர் கடிதம். "மேஜர் அவர்களுக்கு" என்று மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறது. நகரி சுபேதாரைப் பார்த்து மற்ற வாசகர்களும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். மேஜர் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்கிறார்களாம். யூனிபாரத்தில் ஒரு படம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரத்தில் கதையை முடித்துவிட வேண்டும்.

நான்கு வாரமா? மாலினி இன்னும் ஆற்றைக்கூடத் தாண்டவில்லையே!

"நான் வேணா மீசை வெச்சுண்டு ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்கிறார் இவர். நெற்றி நிறையத் திருமண்ணோடு மேஜர்! இன்று முழுக்க இவரோடு பேசவில்லை.

13-10-1959

முடிவு செய்துவிட்டேன். துலுக்காணத்தைக் கொல்லப் போகிறேன்.

கதையில்தான். அடுத்த வாரம் சுபேதார் நகரியப்பன் என்று ஒருவன் வருவான். தொந்தி, பயந்தாங்கொள்ளி, எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்லும் வாய். கதை முடிவதற்குள் கோவேறு கழுதை உதைத்துச் சாவான். குண்டடிபட்டுச் சாகும் கௌரவம் அவனுக்குக் கிடையாது. நகரியில் அத்தனை பேரும் படித்துவிட்டு அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

20-10-1959

நகரியப்பனுக்கு வெங்காயம் என்றால் உயிர் என்று வைத்திருக்கிறேன். துலுக்காணம் வாய்விட்டுக் கேட்டாரே, தரலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. அது எப்படி இருக்கும்?

பாத்திரம் தேய்க்கிற வெங்கடம்மாவிடம் கேட்டேன். நாராயணவனத்துக்காரி. இன்று மடியில் முடிந்து இரண்டு கொண்டுவந்தாள். கொல்லையில் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றை நானே நறுக்கினேன். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது.

"இன்னாம்மா, இதுக்கே அயுவுற? எங்க வூட்டுல பழைய சோறு துன்னும்போது இது ஒண்ணு இல்லன்னா நைனா தட்டத் தூக்கி அடிப்பாரு. எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்து காயிதம் போட்டா, அங்க வெங்காயம் கெடைக்குதான்னுதான் நைனா மொதல்ல கேப்பாரு."

அதற்குள் இவர் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தார். "குமுதா, என்னடி இது வாசனை?" தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. இந்தக் கணக்கையும் துலுக்காணத்தின் பேரில் எழுதி வைத்திருக்கிறேன்.

7-12-1959

எல்லாம் தலைகீழாகிவிட்டது. வேலூர், அரக்கோணம், திருநெல்வேலியிலிருந்தெல்லாம் கடிதங்கள். அத்தனையும் நகரியப்பனுக்கு! "இவன்தான் நிஜமான சிப்பாய்." "பதுங்குகுழியில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக்கொண்டே மேலதிகாரியைத் திட்டும் இடம் பிரமாதம்." ஆம்பூரிலிருந்து ஒருத்தி எழுதியிருக்கிறாள், மாலினியை அவனுக்கே கட்டி வைக்க வேண்டுமாம். ரகுவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஆசிரியர் நான்கு வாரக் கெடுவையும் படம் கேட்பதையும் எப்போதோ விட்டுவிட்டார். கதை நீளட்டும் என்கிறார். சந்தோஷப்பட வேண்டியதுதான். வயிறு எரிகிறது.

துலுக்காணத்திடமிருந்து கடிதமே இல்லை. சுட்டிருக்கும். நன்றாகச் சுடட்டும்.

11-1-1960

"நகரியப்பனை எக்காரணம் கொண்டும் சாகடிக்க வேண்டாம்." ஆசிரியர் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

என் ஆள். நான் கொல்வேன். யார் கேட்பது?

22-2-1960

கொன்றுவிட்டேன்.

உதைத்துச் சாகட்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கழுதையை ஆற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிறது, முதுகில் பட்டாளத்துப் பையன்களுக்கான வெங்காய மூட்டை. நகரியப்பன் கரையில் நின்று எல்லாரையும் திட்டுகிறான். திட்டிக்கொண்டே இறங்கிவிட்டான். நான் இறங்கச் சொல்லவில்லை. கழுதை கரையேறிவிட்டது. அவன் ஏறவில்லை.

முந்தானை நனைந்துவிட்டது. இத்தனைக்கும் பக்கத்தில் வெங்காயம் இல்லை.

அழுதேனே தவிர ஒரு வரியையும் மாற்றவில்லை. தபாலில் சேர்த்தாயிற்று.

18-3-1960

நேற்று இதழ் வந்தது. இவர் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். இன்று காலையில் ஒரே ஒரு வார்த்தை: "ராட்சசி."

26-3-1960

ஆசிரியர் ஒரு கடிதத்தை அப்படியே எனக்கு அனுப்பியிருக்கிறார். துலுக்காணம்!

"மேஜர் அவர்களுக்கு. நகரியப்பன் காலமான செய்தி படித்தோம். டீக்கடையில் வாரா வாரம் உரக்கப் படிப்பது வழக்கம், அன்று பாதிக்கு மேல் யாராலும் படிக்க முடியவில்லை. வருகிற ஒன்றாம் தேதி பதினாறாம் நாள். ஊரார் சேர்ந்து கருமாதி செய்கிறோம். கொன்றவர் வந்து நிற்பதுதான் முறை. அவசியம் வரவும்."

என்ன திமிர்! அவமானத்தில் சுருண்டு கிடப்பார் என்று பார்த்தால், தன் கருமாதிக்குத் தானே அழைப்பு வைக்கிறார். போகிறேன். நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

1-4-1960

நானும் இவரும் பஸ்ஸில் நகரிக்குப் போனோம். பஸ்ஸில் எல்லைப் பேச்சுதான். இன்றோடு திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. நகரி போகவில்லை.

துலுக்காணம் வீட்டு வாசலில் பந்தல். தொந்தி இல்லை, ஒல்லியாக உயரமாக இருக்கிறார். உள்ளே அவர் சம்சாரம் கிருஷ்ணம்மா கத்திக்கொண்டிருந்தாள்: "உசுரோட இருக்கற ஆம்பளைக்குக் கருமாதியாம்! தூ!" சாப்பாடு மட்டும் வண்டி வண்டியாகத் தயாராகிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வெங்காய வாசனை.

"அவனுக்குத்தான்டி, எனக்கு இல்ல," என்றார் அவர். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இன்னிக்கு ஊரே எழவு வூடு மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கெடக்குது. எதுக்குன்னு சொல்லி அயுவறது? நகரியப்பன் பேரச் சொல்லியாவது அயுவட்டும்னு வச்சேன்," என்றார்.

கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ.

இவர் தொண்டையைக் கனைத்து மார்பை நிமிர்த்தினார். மேஜராக நடிக்கப் போகிறாராம். துலுக்காணம் இவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியே இவரைத் தாண்டி வந்து என் எதிரில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"மேஜருக்குத் தேங்காயும் பழமும் பாலும் அந்தாண்ட வூட்டுல தனியா வச்சிக்கிறேன். வெங்காயக் கை படல."

கேட்டே விட்டேன். "எப்படித் தெரியும்?"

"வெங்காயத்த வுடுங்க. எட்டு மாசமா உங்க பட்டாளத்துல ஒருத்தன்கூடக் குளிக்காம சோறு துன்னலியே! பர்மாவுல நாங்க மாசக்கணக்கா குளிச்சதே இல்லீங்க. ஆம்பள எழுதற கதையா அது?"

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். இவர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். கடைசி வரைக்கும் இந்த மனுஷன்தான் ஜெயிப்பதா?

அப்போதுதான் கவனித்தேன்.

"சுபேதார்," என்றேன். "பட்டாளத்தில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாது."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கை தானாகத் தன் வெறுந்தலைக்குப் போயிற்று. பிறகு விடுவிடுவென்று உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பழைய பட்டாளத் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்து, என் எதிரில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து சல்யூட் அடித்தார்.