கால்நாட்டு வாரம்

முப்பிடாதி அம்மன் துணை

அன்பு மகள் சுகந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி பாண்டியராஜும் சுகமாக இருக்கிறோம், அமெரிக்காவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். உன் அத்தை இராமலட்சுமி சுகமாக இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான். நான் வாயெடுத்ததும் நீ மீட்டிங் என்பாய், இல்லாவிட்டால் அழுவாய், இரண்டில் எதுவானாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன்.

குற்றாலத்தில் இந்த வருஷம் சீசன் நன்றாக இருக்கிறது. தென்காசி ரோடு முழுக்கக் காரும் வேனும், திருநெல்வேலி பஸ் நகரவே மாட்டேன் என்கிறது. அந்த பஸ்ஸில்தான் அத்தையைத் தினமும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கரண்டு வைக்க, அதுதான் கதிர்வீச்சு வைத்தியத்துக்கு, கூட்டிப்போகிறோம். கர்ப்பப்பை வாயில் புற்று, பக்கத்திலும் பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. போன வருஷமே வந்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு போயிருக்கும், ஏன் இப்படி விட்டீர்கள் என்று என்னைத்தான் கேட்டார். யார் விட்டது என்று அவருக்கு என்ன தெரியும்.

உனக்குத் தெரிய வேண்டும். வைத்தியம் எட்டாத சனங்களிடம் போய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி பண்ணப் பிள்ளைகளைப் பழக்குகிறோம், முதல் கூட்டத்தை நம் ஊருக்கே அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது நான் பஜாரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்தார்கள், மரியாதையான பிள்ளைகள்தான். குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்கள். சித்திரையில் அருவி காய்ந்து கிடக்கிறதே என்று வருத்தப்பட்டு, எந்த மாதம் தண்ணீர் விழும் என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார்கள். நம் தெருப் பெண்கள் என்ன பரிசோதனை என்று தெரிந்ததும் கூசிப்போய்ப் பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அத்தைதான் முதல் ஆளாகப் போனாள். போய்விட்டு வந்து, "எம் மருமவ அனுப்புன பிள்ளைய, எதுக்கு வெக்கப்படுதிய" என்று வீடு வீடாக நின்று எல்லாரையும் இழுத்து வந்தாள்.

கடைசியில் அவளுக்குத்தான் சந்தேகம் என்று வந்தது. திருநெல்வேலிக்கு வந்து ஒரு ராத்திரி தங்க வேண்டும், உள்ளே பார்த்துக் கையோடு வைத்தியமும் பண்ணிவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளைகளில் நீலா என்கிற பெண் வந்து சொன்னாள். அவள் சொன்ன நாள், அம்மன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டியதற்கு மறுநாள். கால் நாட்டிவிட்டால் கொடை முடிகிறவரை ஒரு வாரம் நம் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்குவதில்லை. இதை உனக்கு எழுத வேண்டி வந்ததே என்றுதான் எனக்கு ஆத்திரம். காலேஜில் படிக்கும்போது கால்நாட்டுக்கு முன்பே வந்துசேர்ந்து, கொடை முடிந்துதானே ஹாஸ்டலுக்குப் போவாய்? அருவி எப்போது விழும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகளுக்குக் கொடை எப்போது என்று கேட்கத் தெரியவில்லை, சரி, அவர்கள் வெளியூர். நீ உன் யுனிவர்சிட்டி லீவுக்குத் தோதாக நாள் குறித்தாயே, உனக்கு என்ன வந்தது?

அத்தை வர மாட்டேன் என்று சொல்லவில்லை. "காலு நாட்டியாச்சு தாயி, கொடை கழிஞ்ச மறுநாளே வந்திருதேன்" என்றுதான் சொன்னாள். அந்தப் பெண்ணும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சொன்னபடி கொடை கழிந்த மறுநாள் அத்தை குளித்து, நல்ல சேலை கட்டி, மாற்றுத்துணிப் பையோடு அந்த லாட்ஜ் வாசலில் போய் நின்றாள். எல்லாரும் காலி பண்ணிப் போய்விட்டார்கள் என்றான் லாட்ஜ்காரன். கொடுத்திருந்த நம்பரில் கூப்பிட்டதற்கு, பயிற்சி முடிந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள் என்றார்களாம். திரும்பி வந்து, "பிள்ளையளுக்குப் படிப்பு முடிஞ்சிட்டாம்ணே" என்று சிரித்தாள். உன்னிடம் சொல்கிறேன் என்றேன், மருமகளுக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று தடுத்துவிட்டாள். தனியாகப் போகலாம் வா என்று கூப்பிட்டேன், வலியா நோவா, பிறகு பார்க்கலாம் என்றாள். இந்தப் பங்குனியில் ரத்தம் போக ஆரம்பித்தது.

இவ்வளவையும் நான் உனக்கு எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் நீ மேடையில் பேசிய வீடியோவைத் தம்பி போட்டுக் காட்டினான். உன் பின்னால் பெரிய திரையில் நம் தெரு, அதில் பீடித் தட்டோடு உன் அத்தை சிரித்துக்கொண்டிருக்கிறாள். நீ இங்கிலீஷில் என்ன சொல்கிறாய் என்று தம்பியிடம் கேட்டேன். நோய் இருக்கிறது என்று தெரிந்தும் சாமி நம்பிக்கையால் வைத்தியத்துக்கு வர மறுக்கிறார்கள், அதனால் இன்னும் நிறையப் பேரைப் பழக்க வேண்டும் என்று அக்கா சொல்கிறாள் என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். மறுத்தாளா அவள்? நீ பழக்கிய பிள்ளைகள்தான் ஒரு வாரம் பொறுக்க மறுத்தார்கள். என் தங்கச்சி உனக்கு ஒரு படமாகிப் போனாள்.

அப்போது அத்தையும் பக்கத்தில்தான் இருந்தாள். தம்பி மெதுவாகச் சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை. படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, "மருமவ என்னையப் பத்தி என்னண்ணே சொல்லுதா" என்று கேட்டாள். ஊரிலேயே முதல் ஆளாக வந்தது எங்கள் அத்தைதான் என்று சொல்கிறாள் என்றேன். அதைத்தான் இப்போது ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா மிளகாய்வற்றலும் இட்லிப்பொடியும் அனுப்புகிறாள். பனி ஆரம்பித்தால் காதை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டுகிறேன். மறக்காமல் ஒன்று செய். அடுத்த தடவை மேடை ஏறும்போது, நான் உன் அத்தையிடம் சொன்னதை நீ உன் வாயால் சொல்லிவிடு. அவள் இருக்கும்போதே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
வல்லிநாயகம்